இடது பின் சக்கரம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் முழு உண்மை ஆகாது. நலமில்லை என்று எழுதவும் பெரிதாக ஒன்றுமில்லை. அத்தைக்கு முழங்கால், எனக்கு இடுப்பு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் யார் முதலில் எழுந்து கதவைத் திறப்பது என்று பேச்சுவார்த்தை நடக்கிறது. பேத்தி வாலு போனில் பாடிக் காட்டிய பாட்டை அத்தை சமையலறையில் தப்பும் தவறுமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் வேறு சத்தம் இல்லை.

நீ போன வாரம் அத்தையிடம் பேசியதை அவள் என்னிடம் சொன்னாள். இந்த மாதக் கடைசிக்குள் குழந்தையை உன் அம்மா ஊரிலேயே பள்ளியில் சேர்க்கப் போவதாகச் சொன்னாயாம். அப்படிச் சேர்த்துவிட்டால் நீ அங்கேயே இருந்துவிட முடிவு செய்துவிட்டாய் என்றுதான் நாங்கள் புரிந்துகொள்கிறோம். இங்கிருந்து போய் ஏழு மாதம் காத்திருந்த பிறகு எடுக்கும் முடிவை அவசரம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வரும் சனிக்கிழமை நேரில் வரட்டுமா என்று இவன் கேட்டதற்கு, "சொல்றதுக்கு ஏதாவது இருந்தா வரலாம், சும்மா வந்து உக்காந்துட்டுப் போறதுக்குன்னா வர வேண்டாம்" என்று நீ சொன்னதையும் இவனே என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டுக் காரைக் கழுவப் போய்விட்டான். உன் புருஷன் எப்படிப்பட்டவன் என்று உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான் எழுத வந்ததும் அந்தக் காரைப் பற்றித்தான். கொஞ்சம் பொறுமையாகப் படி அம்மா.

போன வருஷம் நீ அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாய். நான் முன்னால். "மாமா, என் காலுக்குக் கீழ மாவு மெஷின் ஓடுற மாதிரி இருக்கு, இவ தூங்கவே மாட்டேங்கிறா" என்றாய். இவன் பதில் பேசாமல் ஓட்டினான். நான்தான் திரும்பி உட்கார்ந்து வகுப்பு எடுத்தேன். புதுச் செருப்பு தரைக்குத் தரை சத்தம் மாறும் அல்லவா, டயரும் அப்படித்தான், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும் என்றேன். "தரை மாறினாலும் சத்தம் மாறலியே மாமா, வேகம் ஏறினாத்தானே ஏறுது" என்று நீ கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதில், "கண்ணாடியை ஏத்திக்கோம்மா" என்பது. இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒரு மாணவி இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் எழுந்து நிற்கச் சொல்லி வகுப்பையே கைதட்டச் சொல்லியிருப்பேன்.

அந்தச் சத்தம் இந்த ஏழு மாதத்தில் வளர்ந்துவிட்டது. இவன் அலுவலகம் விட்டு வரும்போது தெருமுனையில் அந்த இரைச்சல் கேட்டதுமே அத்தை உலையை இறக்கிவிடுவாள். பணிமனையில் வண்டியை ஒரு வாரம் விடச் சொன்னார்களாம். அலுவலகத்துக்கு வேறு வண்டியில்லை என்று இவன் வீட்டிலேயே பார்க்க முடிவு செய்தான். முதலில் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டோம். டயர்தான் குற்றவாளி என்றால் சத்தமும் இடம் மாற வேண்டும். மாறவில்லை. என் செருப்புப் பாடம் அன்றைக்கே தோற்றது. அப்படியானால் சக்கரத்தின் நடுவே இருந்து அதைச் சுழலவிடும் பேரிங் தேய்ந்திருக்க வேண்டும். சத்தம் பின்னாலிருந்து வந்தது. இடதா வலதா என்பதுதான் மிச்சம்.

காலியான சாலையில் இவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன். வண்டி வலப்பக்கம் வளையும்போது இரைச்சல் ஏறியது, இடப்பக்கம் வளையும்போது தணிந்தது. பேருந்து வலப்பக்கம் திரும்பினால் நிற்கிறவர்கள் இடப்பக்கம் சாய்வார்கள், பாரம் முழுதும் இடது காலில் இறங்கும். வலிக்கிற கால் அப்போதுதான் கத்தும். ஆகவே இடது பின் சக்கரம். கணக்கு சரி. இவனிடம் எதுவும் சொல்லாமல் மறுநாள் காலையில், இவன் எழுந்திருக்கும் முன், சுண்ணாம்புக் கட்டியால் சக்கரத்தில் பெருக்கல் குறி போட்டு வைத்தேன்.

தப்பான சக்கரத்தில் போட்டேன்.

முப்பத்தாறு வருஷம் வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து நின்று பழகியவன் நான். "வலது கையைத் தூக்குங்க" என்று சொல்லும்போது என் இடது கையைத் தூக்குவேன். அப்போதுதான் எதிரே நிற்கும் பிள்ளைகளுக்குக் குழம்பாது. அந்தப் பழக்கம் எலும்பில் ஊறிவிட்டது. வண்டி சுவரைப் பார்த்து நின்றது, நான் அதன் முதுகைப் பார்த்து நின்றேன். அதற்கும் எனக்கும் இடப்பக்கம் ஒன்றுதான், வலப்பக்கமும் ஒன்றுதான். ஆனால் "இடது" என்று நினைத்த மாத்திரத்தில் கை தானாக வலப்பக்கம் போய்க் குறி போட்டுவிட்டது. எனக்குச் சந்தேகம்கூட வரவில்லை.

இவன் வந்து குறியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் நின்றான். ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் கையால் சுழற்றிப் பார்த்தான். "ரெண்டும் ஒரே மாதிரிதான் சுத்துது, பா" என்றான். நான் கணக்குப் போட்டாகிவிட்டது, பாரம் இல்லாமல் சுற்றினால் தெரியாது, பேசாமல் கழற்று என்றேன். பேசாமல் கழற்றினான்.

எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. சக்கரத்தின் நடுவே உள்ள நட்டு துருப்பிடித்து அசைய மறுத்தது. ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி அதன் மேல் இவன் ஏறி நின்றான். நான் பின்னால் இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் வகுப்பில் இவனுக்குச் சைக்கிள் பழக்கியதற்குப் பிறகு இவனை நான் அப்படிப் பிடித்ததில்லை. நட்டைக் கழற்றும்போது சக்கரம் சுற்றாமல் இருக்க இழுத்த ஹேண்ட் பிரேக்கை விட மறந்து, பேரிங்கைத் தாங்கும் பிரேக் டிரம் கழன்று வரவில்லையே என்று அரை மணி நேரம் சுத்தியலால் தட்டினோம். ஒருவழியாக எல்லாம் வந்து, புது பேரிங்கை ஏற்றி, புது நட்டை முறுக்கி, அது கழலாமல் இருக்க விளிம்பை உளியால் தட்டி மடக்கியபோது என்னால் நிமிர முடியவில்லை. கழற்றிய பேரிங்கை விரலில் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் போலச் சுற்றியது. எனக்கு உள்ளே எதுவோ இடித்தது, ஆனாலும் அதைப் பழைய துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டேன்.

ஓட்டிப் பார்க்கப் போனோம். நாற்பதைத் தாண்டியதும் அதே இரைச்சல், அதே இடத்தில்.

இவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். தலையைத் தூக்காமலே, "அவ இடது பக்கம்னுதான் சொன்னா, பா" என்றான்.

எப்போது என்று கேட்டேன். "போன வருஷமே. அவ உக்கார்ற பக்கம், அவ காலுக்கு நேர் கீழன்னு தொட்டே காட்டினா. நான் டயர்னு சொல்லிட்டேன்" என்றான். காலையில் குறியைப் பார்த்தபோதே தெரியுமாடா என்று கேட்டேன். தெரியும் என்றான். பிறகு ஏன் நாள் முழுதும் என்னோடு சேர்ந்து நல்ல சக்கரத்தைப் பிரித்தாய் என்று கேட்டபோது குரல் உயர்ந்துவிட்டது எனக்கு. இவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ சொன்னது சரின்னு இந்த ஒண்ணுல ஒத்துக்கிட்டா, மத்த எல்லாத்தையும் ஒத்துக்கணுமே பா."

மத்ததெல்லாம் என்னென்ன என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் இருவருக்கும் தெரிந்தது. ஆனால் அந்த வண்டியில் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றச் சொன்னவன் நான். அந்தப் பங்கு என்னுடையது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வயதில் பெரியவர் இப்படி எழுதலாமா என்று சங்கடப்படாதே. தப்பாகத் திருத்திய விடைத்தாளை மறுபடி வாங்கி மதிப்பெண் போட்டுக் கொடுத்தவன்தான் நான். தாமதமாகப் போட்டாலும் அது அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய மதிப்பெண்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் மறைக்க முடியவில்லை. "அப்பனும் மகனுமா சேர்ந்து நல்ல காலுக்குக் கட்டுப் போட்டுட்டு வந்திருக்கீங்க, நொண்டுற கால் அப்படியே இருக்கு" என்றாள். உதிரிபாகக் கடைக்காரர் அதற்கும் மேல். "என்ன சார், வாரத்துக்கு ஒண்ணா? சந்தா கட்டிடுங்களேன்" என்றார். இவன் சிரித்தான். ஏழு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு, அதுவும் அழுகிறவன் சிரிக்கிற மாதிரி இருந்தது.

நேற்று இடது பக்கத்தை முடித்தோம். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இவனே எல்லாம் செய்தான். பழைய பேரிங்கைச் சுற்றினால் உள்ளே மணலை அரைப்பது போல நறநறவென்றது. அதை வெகுநேரம் காதருகே வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு ஓட்டிப் பார்த்தோம். எண்பதில் போகும்போதும் காற்றின் சத்தம் மட்டும்தான். வீட்டு வாசலில் இறங்கும்போது, "சனிக்கிழமை போறேன் பா, சொல்றதுக்கு இருக்கு" என்றான்.

என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. எழுதித் தரட்டுமா என்று நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நான் இப்படி எழுதுவதும் இவனுக்குத் தெரியாது. இவனுக்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்று நாளைக் காலையிலேயே விரைவுத் தபாலில் சேர்க்கிறேன்.

அம்மா, வகுப்பில் சில பிள்ளைகள் இருப்பார்கள். பதில் தெரியும், ஆனால் எழுந்து நின்று வாய் திறக்க நேரமாகும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் வாத்தியாருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது, அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார். நானும் போயிருக்கிறேன். வீட்டிலும் இவனுக்காக நானே பதில் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டேன். இவன் பேச ஆரம்பித்தால் நடுவில் நிற்பான். அந்த இடைவெளியை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதே. கடைசி வார்த்தை வரை கேள். கேட்ட பிறகும் உன் மனம் பழையபடியே இருந்தால் நீ எடுக்கும் முடிவுக்கு நானும் அத்தையும் குறுக்கே நிற்க மாட்டோம். இவனுக்காக நீ இரக்கப்பட வேண்டும் என்றும் கேட்கவில்லை.

நீயும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அவள் எந்த ஊர்ப் பள்ளிக்குப் போனாலும், முதல் நாள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு ஒரு வரி எழுது. அது எந்தப் பள்ளி என்பதை நீ எழுதும்போது தெரிந்துகொள்கிறேன்.

மாறாத அன்புடனும் ஆசியுடனும்,
மாமா