ஒரே உத்திரம், இரண்டு கடை

பாய்,

இன்று காலை நம் கூரையை இடித்தார்கள். எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்திருந்த என் டம்ளருக்குள்ளும் சுண்ணாம்புத் தூசி விழுந்தது. மழை விட்ட மறுநாள் உங்கள் கயிற்றுக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அதே வாசனை. எழுந்து வேறு டீ வாங்கத் தெம்பில்லை. அப்படியே குடித்துவிட்டேன்.

ராயபுரம் கடைத்தெருவில் இப்போது எங்கு பார்த்தாலும் கண்ணாடி முகப்புதான். நம் கட்டடம் மட்டும் உருண்டைத் தூணும், வளைவு வாசலும், அதன்மேல் அரைவட்டக் கலர்க் கண்ணாடியுமாக, கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் கடகடத்துக்கொண்டு நின்றது. உங்களுக்குக் கயிறும் தார்ப்பாயும், எனக்கு நோட்டும் காகிதமும். நடுவில் ஒரு சுவர். மேலே தேக்கு உத்திரங்கள் உங்கள் பக்கத்திலிருந்து என் பக்கம்வரை ஒரே நீளமாக ஓடின. அவற்றின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிய தளம்.

ஓர் ஐப்பசி மழையில் என் நோட்டுக் கட்டுகள் நனைந்தன. வந்த எரிச்சலில், என் பாதித் தளத்தின்மேல் சிமிட்டி போட ஆள் கூட்டி வந்துவிட்டேன். ஏணியடியில் நின்று நீங்கள் சொன்னீர்கள்: "வாணாம் அண்ணாச்சி. சுண்ணாம்பு ஈரத்தக் குடிக்கும், வெயில் வந்தா வுட்டுரும். சிமிட்டியப் போட்டு மூடுனா தண்ணி எங்க போவும்? மரத்துக்குத்தான் போவும்."

கயிறு விற்கிறவருக்குக் கட்டட வேலை என்ன தெரியும் என்று கேட்டேன். வேலையாட்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒழுகல் நின்றது. நான் தெரு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன்.

சிமிட்டி முடியும் ஓரத்தில், நடுச்சுவருக்கு மேலே, தண்ணீர் தங்கித் தங்கி உத்திரங்கள் உளுத்தன. ஒருநாள் சரிந்தபோது சரிந்தது உங்கள் பக்கம். பார்க்க வந்த இன்ஜினியர் காரணம் கேட்டார். நான் குனிந்து, விழுந்த செங்கல்லை ஓரமாக அடுக்கினேன். "பழைய மரம் சார். வயசாயிப்போச்சி," என்றீர்கள், என்னைப் பார்க்காமல்.

உங்கள் கடையை அன்றே காலி செய்யச் சொன்னார்கள்; என் பாதிக்கு முட்டுக்கொடுத்து விட்டுவிட்டார்கள். அப்புறம் கண்ணை மூடும்வரை தள்ளுவண்டியில்தான் கயிறு விற்றீர்கள். தினமும் காலையில் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, சலாம் சொல்லிவிட்டுத்தான் போவீர்கள். ஒருநாளாவது திட்டியிருக்கலாம் பாய்.

இன்று உங்கள் மகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவில் கிடந்த உத்திரத்தின் கறுத்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிட்டேன். "நான் போட்ட சிமிட்டிதான் இதத் தின்னுச்சு. ஒங்க அத்தா தடுத்தும் நான் கேக்கல," என்று.

அவர் என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"தெரியும் அண்ணாச்சி. அத்தா சொல்லிகீறாரு. அண்ணாச்சியா சொல்றவரைக்கும் நீயா கேக்காதன்னாரு."

அப்படியென்றால் நீங்கள் தினமும் வண்டியை நிறுத்தியது சலாமுக்காக மட்டுமில்லை. நான் வாயைத் திறப்பேனா என்று நின்று பார்த்திருக்கிறீர்கள். நானோ பதிலுக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டு, நோட்டுக் கட்டைப் பிரிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன் பாய், அத்தனை காலைகளிலும்.