என் மணிக்கட்டில் உன் வாட்ச்

போன இடத்திலும் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கும் என் ஆசை மாப்ள செங்கோடனுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் பதினாறாம் நாள் காரியத்தில் நான் தேம்பித் தேம்பி அழுததை ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. "சிநேகிதம்னா அவிங்களாட்டம் இருக்கோணும்" என்று உன் பெரியம்மா மகன் பந்தியிலேயே அறிவித்தார். நானும் தலையைக் குனிந்து அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டேன். உண்மை என்ன தெரியுமா? நான் அழுதது உனக்காக இல்லை. உன் வாட்சின் லாக் என் மணிக்கட்டுத் தோலைக் கடித்துவிட்டது. கூடவே நாலு முடி.

பந்திக்கு முன்னால் தங்கச்சி மல்லிகா உன் வாட்ச் இருந்த டப்பாவை என்னிடம் நீட்டினாள். (மல்லிகா உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை. எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.) "இது உங்களுக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாருங்ணா" என்றாள். உன் கை எனக்குத் தெரியாதா? போர்வெல் போடும் ரிக் வண்டியில் வருஷக்கணக்காக இரும்புக் குழாய் தூக்கிப் பருத்த கை. என் கை இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்பியே வளர்ந்த கை. உன் வாட்ச் எனக்கு வளையல் மாதிரி தொளதொளக்கும் என்று நினைத்து, திமிராக மாட்டி அழுத்தினேன். அது 'டக்' என்றது. நான் 'அம்மா' என்றேன். கூட்டம் மொத்தமும் மூக்கைச் சிந்தியது.

எப்படி மாப்ள அது எனக்கு இறுக்கிப் பிடிக்கும்? நான் உன்னைவிடப் பருத்துவிட்டேன் என்று முடிவுக்கு வந்தேன். ஒரு மாதம் ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். தொப்பை கொஞ்சம் இறங்கியது. மணிக்கட்டுக்கு அந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை.

அந்த வாட்சை நீ கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? ஆப்பிரிக்காவில் ரிக் மேனேஜராக மூணு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பும்போது துபாய் ஏர்போர்ட்டில் வாங்கியது. கடலில் முங்குகிறவர்கள் கட்டுகிற வாட்ச். கையில் வாங்கினால் அரைக் கிலோ வெல்லம் மாதிரி கனம். "இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் மச்சான்" என்றாய். நான் கணக்குப் போட்டேன். அறுநூற்றைம்பது அடி. "நம்ம திருச்செங்கோட்டுப் பக்கம் அந்த ஆழத்துக்குப் போர் போட்டாப் புழுதிதான்டா வருது" என்றேன். நாம் சிரித்த சிரிப்பில் தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

அப்படிப்பட்ட வாட்சை ஜேடர்பாளையம் தடுப்பணையில் குளிக்கப் போனபோது கழற்றி, துண்டில் முடிந்து, என் மடியில் வைத்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியவன் நீ. "நனைஞ்சிரப் போகுது, பத்திரம்" என்று கரையைப் பார்த்துக் கத்தினாய். இருநூறு மீட்டர் தாங்கும் வாட்சை நான் துண்டோடு கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பகல் நீ சொன்னதுதான் என்னைப் படுத்துகிறது. "பேட்டரி இல்லாதது மச்சான். கையில கெடந்து ஆடுனாத்தான் ஓடும். டப்பாவுல வெச்சா ரெண்டு நாள்ல நின்னு போயிரும். நிக்க உட்றாத." சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு எலும்பு தடையாக இல்லை. மணிக்கட்டுக்கு இருக்கிறது.

லாக்கை மூடினால் கை நீலம் பாய்ந்தது. லாக்குக்குள் மடித்து வைத்த ஒரு தகடு இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதை நீட்டினால் செயின் இரண்டு விரல் அகலம் நீள்கிறது. நீட்டிக்கொண்டு இரண்டு வாரம் திரிந்தேன். கனமான தலை வழுக்கி வழுக்கி உள்ளங்கைப் பக்கம் போய்விடும். மணி பார்க்க வேண்டுமானால் பிச்சை கேட்பது மாதிரி கையை ஏந்த வேண்டும். டீக்கடையில் ஒருவர் நிஜமாகவே சில்லறை எடுத்தார். ஒருநாள் டவுன் பஸ் கம்பியில் அந்தத் தகடு மாட்டிக்கொள்ள, என் ஸ்டாப்பில் இறங்க முடியாமல் அடுத்த ஸ்டாப் வரை போனேன். "ஏனுங்க, எறங்கறதா இல்லையா?" என்று கண்டக்டர் கேட்டதற்கு, "வாட்ச் சம்மதிக்கோணுமுங்க" என்றேன்.

பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். நிற்காமல் ஓட வேண்டுமே, காலையில் கையில் எடுத்து நூறு தடவை ஆட்டுவேன். சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி ரோட்டில், நாம் இரண்டு பேரும் மலையடிவாரம் வரை நடப்போமே, அதே ரோட்டில் இப்போது நான் ஒருவனாக, கையைக் குலுக்கிக்கொண்டு போகிறேன். எனக்கு நரம்புக் கோளாறு என்று ஒரு பேச்சு கிளம்பி என் காதுக்கே வந்தது. உன் மச்சானைப் பற்றிய வதந்தியை உன் மச்சானே முதலில் கேட்கும் நிலைமை!

உனக்குச் சொல்லச் செய்தி ஏராளம் இருக்கிறது. முக்கு ஓட்டல் மறுபடியும் பேர் மாற்றிவிட்டது, சாம்பார் மாறவில்லை. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தலைக்குச் சாயம் அடித்துவிட்டார், மீசையை மறந்துவிட்டார். என் வீட்டுக்காரி பெங்களூரில் பேரனோடு இருக்கிறாள், போனில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும் முன்னால் பேரனைக் கொஞ்சப் போய்விடுகிறாள். இதையெல்லாம் யாரிடம் சொல்ல? மற்றவர்களிடம் சொன்னால் வம்பாகிவிடுகிறது. உன்னிடம் சொன்னால்தான் அது செய்தி.

கடைசியில் அம்மாபேட்டையில் ஒரு வாட்ச் கடைக்குப் போனேன். ரேவதி என்று ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், கண்ணில் லென்ஸ் வைத்தால் எதிரில் இருப்பவனின் மனசாட்சி வரை பார்க்கிறவர். செயினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மூணு கண்ணி எடுத்திருக்கறாங்க. கடையில எடுத்ததில்லீங்க. ஊட்டுல ஆணி வெச்சுத் தட்டியிருக்கறாங்க."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க."

"கீறலு இருக்குதே. ஒண்ணு மங்கிப் போச்சு, ஒண்ணு அரைகுறை, இன்னொண்ணு பளபளன்னு புதுசு. மூணும் வேற வேற சமயத்துல எடுத்தது. அதும் மூணையும் ஒரே பக்கத்துல எடுத்துட்டாங்க. ரெண்டு பக்கமும் பிரிச்சு எடுத்திருக்கோணும். அதனாலதான் லாக்கு நடுவுல உக்காராம ஓரமா வந்து உங்க எலும்பக் குத்துது." லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கட்டியிருந்தவரு எளைச்சுக்கிட்டே வந்தாருங்களா?"

"சேச்சே. கடைசி வரைக்கும் ஆள் அப்படியே இருந்தாருங்க. வாட்ச் கையில துளி அசையாது. நானே பாத்திருக்கறேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. அந்த அம்மா "அப்படீங்களா" என்று மட்டும் சொல்லி மறுபடியும் லென்ஸை மாட்டிக்கொண்டார். "எடுத்த கண்ணியக் கொண்டாங்க. இந்த மாடலுக்கு வேற கண்ணி சேராது."

உன்னைப் பார்க்க நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நீ முதலில் கையைத் தூக்குவாயே மாப்ள. "பாத்தியா மச்சான், அசையுதா?" நானும் ஒவ்வொரு வாரமும் உன் வாட்சைப் பார்த்தே உன் உடம்பை அளந்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் "ஆளு கல்லாட்டம் இருக்கறான், வயித்துல கட்டியாவது ஒண்ணாவது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த தைக்கு மறுபடியும் ஜேடர்பாளையம் போகலாம் என்று உன்னிடமே தேதி பேசினேன். நீயும் "போலாம்" என்றாய்.

உன் வீட்டுக்குப் போய்த் தங்கச்சியிடம் கண்ணிகளைக் கேட்டேன்.

"ஆணியும் சுத்தியலும் கேட்டாருங்ணா. படம் மாட்டப் போறாராக்கும்னு குடுத்தேன். மூணு தடவ கேட்டாரு. செவுத்துல ஒரு படமும் மாட்டக் காணோம்."

"இளைச்சது உனக்குத் தெரியுமா தங்கச்சி?"

"மேலுக்குத் தண்ணி வாத்து உட்டவளுக்குத் தெரியாதுங்களா? நீங்க வார நாள்ல மட்டும் முழுக்கை சட்டை எடுத்துக் குடுங்கும்பாரு. 'அவனும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டா எங்கூடச் சிரிக்கறதுக்கு ஆரு இருக்கறாங்க'ம்பாரு."

நான் திரும்பி உன் அலமாரியைத் துழாவினேன். உன் பழைய கண்ணாடிக் கூட்டுக்குள், லென்ஸ் துடைக்கிற துணியில் சுற்றி, மூன்று கண்ணியும் இருந்தன. ஒன்றில் ஆணி தப்பிய இடத்தில் நல்ல பள்ளம். விரலில் அடித்துக்கொண்டாயா? சத்தம் போடாமல் இருந்தாயா? நான் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய நாட்களில், எந்த நாள் காலையில் நீ அந்த வேலையைச் செய்தாய்?

சங்கடம் தாங்காமல், காரியத்தன்று வாட்ச் கடித்துத்தான் அழுதேன் என்ற உண்மையைத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "வர முடியாத சொந்தத்துக்கு அனுப்பறதுக்குன்னு வீடியோ எடுத்திருக்குதுங்ணா. அனுப்பி வெக்கறேன், நீங்க 'அம்மா'ங்கறதப் பாக்கலாம்" என்றாள்.

மறுநாள் காலையிலேயே கடைக்கு ஓடினேன். ரேவதி அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். "காலைல கை சின்னதா இருக்குமுங்க. சாப்ட்டு, வெயில்ல நடந்து, மூணு மணிக்கு வாங்க. உப்புன கைக்கு அளவு வெச்சாத்தான் நாளெல்லாம் கடிக்காது." சேலத்து வெயிலில் மூன்று மணிக்குப் போனேன். கை என்ன, ஆளே உப்பியிருந்தேன். அவர் செயினைப் பிரித்து, குறைந்திருந்த பக்கத்திலேயே இரண்டு கண்ணி சேர்த்தார், லாக் நடுவுக்கு வந்தது. லாக்கின் விளிம்பில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கின்றன, அதில் பின்னை ஒரு துளை தள்ளிப் போட்டார். "சுண்டுவிரல உடுங்க. போகுதுங்களா? கட்டவிரல உடுங்க. போகலையில்ல? அம்புட்டுத்தான். கனமான வாட்சுக்கு இதுக்கு மேல லூசு ஆகாது, தலை கவுந்துரும். இதுக்குக் கீழ டைட்டும் ஆகாது."

வைத்த இடத்தில் நிற்கிறது மாப்ள. கையை வீசினாலும் நிற்கிறது. தலைகீழாகத் தொங்கவிட்டாலும் நிற்கிறது. அந்தக் கனம்கூடத் தெரியவில்லை, யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூட நடப்பது போலத்தான் இருக்கிறது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று கையைத் தூக்கினேன். "பாத்தியா, அசையுதா?" என்று கேட்க வேண்டும். யாரிடம்? பக்கத்தில் நின்றவர் மணி கேட்கிறேன் என்று நினைத்து மூணே முக்கால் என்றார்.

ஒரு கண்ணி மிச்சம் இருக்கிறது. நீ நன்றாக இருந்த காலத்தில் என்னைவிட ஒரு கண்ணிதான் பெரியவன். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

உன் வாட்சை நிற்க விடமாட்டேன். என் கையும் ஒருநாள் இளைக்கும். அன்றைக்கு ஆணியும் சுத்தியலும் தேட மாட்டேன். அம்மாபேட்டைக்குப் போய், நாலு பேர் பார்க்க உட்கார்ந்து, இரண்டு பக்கமும் சமமாக எடுக்கச் சொல்வேன். முதல் ஆளாகத் தங்கச்சியிடம் வந்து சொல்வேன். என் வாய் எப்போதாவது ஒன்றை மறைத்திருக்கிறதா?

இப்படிக்கு,
உன்னைவிட ஒரு கண்ணி சின்னவனான உன் மச்சான்,
குமரேசன்

பி.கு.: தங்கச்சி அனுப்பிய வீடியோவை இன்று காலை பார்த்தேன். நான் தேம்பித் தேம்பி அழுகிறேன். வாட்ச் அப்போது மூடிய டப்பாவுக்குள் இருக்கிறது. டப்பா தங்கச்சி மடியில் இருக்கிறது.