விஞ்ஞான வகுப்புக்கு ஒரு பிள்ளை

மருதமுனை
12.11.1956

அன்புள்ள நண்பர் கலந்தருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். உம்முடைய சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை, ஊரெல்லாம் அதுதான் பேச்சு. சாய்ந்தமருதில் உம்முடைய பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான வகுப்புக் கிடைத்துவிட்டதாம். ஆய்வுகூடத்துக்குக் கூரையும் போட்டாயிற்றாம். கண்ணாடிக் குழாய்கள் வைக்கோல் சுற்றிப் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றனவாம். இதையெல்லாம் மீன்காரர் சொல்லித்தான் நான் அறியவேண்டியிருக்கிறது. ஆசிரிய கலாசாலையில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் என்று ஒரு தபாலட்டையாவது போட்டிருக்கலாம்.

எனக்குச் சந்தோஷம்தான். முக்கால்வாசி சந்தோஷம். மீதிக் கால்வாசிக்கு என்ன பெயர் என்று உமக்கே தெரியும். உமக்கு முன்னமே தலைமை ஆசிரியன் ஆனவன் நான். பள்ளித் தோட்டப் போட்டியில் முதலிடம் எங்களுக்கு. பின்னேரத்தில் நெசவு வகுப்பு நடக்கிறது, சாரணர் படை இருக்கிறது, மதியப் பாலும் பணிசு ரொட்டியும் ஒரு பிள்ளைக்கும் தவறுவதில்லை. இருந்தும் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி வந்தால் கத்தரிக்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று சொல்லிவிட்டு உம்முடைய பக்கம் காரைத் திருப்புகிறார். நாங்கள் எட்டாம் வகுப்போடு நிற்கிறோம்.

நஸீறா இந்த முறையும் கணக்கில் வட்டாரத்துக்கே முதலாவது. என் மகள் என்று சொல்லவில்லை, என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று சொல்கிறேன்.

அன்புடன்,
ம. பதியுதீன்


சாய்ந்தமருது
19.11.1956

அன்பின் பதியுதீன்,

வஅலைக்குமுஸ்ஸலாம். மீன்காரர் முந்திக்கொண்டது என் பிழைதான். கோபத்தை அவருடைய மீன் விலையில் காட்டிவிடாதேயும்.

இப்போது ஒரு சங்கடம். வகுப்புத் தொடங்க இருபது பிள்ளைகள் வேண்டும் என்று வித்தியா பகுதி எழுதியிருக்கிறது. ஜனவரி நடுவில் வித்தியாதரிசி வந்து இடாப்பில் பெயர்களை எண்ணிப் பார்ப்பார். தம்பிலுவிலிலிருந்து அழகரெத்தினம் என்றொரு பொடியன்கூட வந்து சேர்ந்துவிட்டான். இன்னும் ஒரு பிள்ளை குறைகிறது. நஸீறாவை அனுப்பும்.

கணக்கை நிரப்பக் கேட்கிறேன் என்று நினைக்கவேண்டாம். வகுப்பு நிரம்பி வழிந்திருந்தாலும் அவளைக் கேட்டிருப்பேன். நம்முடைய ஊர்களில் விஞ்ஞானம் படிக்கத் தகுந்த மூளை அவளுக்குத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் என் மகள் றம்ஸியாவோடு இருக்கட்டும். அவள் உம்மா சுஹறா இப்போதே இடம் ஒதுக்கிவிட்டாள். வெள்ளி விடுமுறைக்கு வியாழன் பின்னேரம் பள்ளி விட்டதும் நானே பஸ்ஸில் கூட்டிவந்து உம்மிடம் ஒப்படைக்கிறேன்.

அன்புள்ள,
கலந்தர்


மருதமுனை
2.12.1956

அன்புள்ள கலந்தருக்கு,

சலாம். உம்முடைய அன்புக்கு நன்றி. ஆனால் குமர்ப்பிள்ளையை இன்னொரு வீட்டில் விட்டுப் படிப்பித்தால் ஊர் என்ன பேசும் என்று நீர் யோசிக்கவில்லை. லைலாவுக்கும் பெற்ற மகளைப் பிரிந்திருக்க மனமில்லை. மாரி மழை வேறு பிடித்துக்கொண்டது. நஸீறாவும் போகட்டுமா என்று கேட்டாள். பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் இந்த முறை பயற்றங்காயும் நன்றாக வந்திருக்கிறது. சுஹறாவுக்குக் கொஞ்சம் அனுப்புகிறேன்.

ம. பதியுதீன்


சாய்ந்தமருது
6.1.1957

பதியுதீன்,

பயற்றங்காய் கிடைத்தது. சமைத்துச் சாப்பிட்டோம், ருசி. உம்முடைய காரணங்கள்தான் வேகவில்லை.

போன கிழமை லைலா இங்கே கலியாண வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு மகளை அனுப்ப முழுச் சம்மதம் என்று சுஹறாவிடம் சொல்லியிருக்கிறாள். நஸீறா இரண்டு வெள்ளைச் சட்டை தைத்து, மடித்து, பெட்டியில் வைத்துக்கொண்டு உம்முடைய வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். உம்மாவுக்குச் சம்மதம், பிள்ளைக்கு ஆசை, தங்க வீடு இருக்கிறது. பிறகு யார்தான் மறிக்கிறார்?

நேராகவே எழுதுகிறேன், கோபித்தால் கோபியும். வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. வித்தியாதரிசி வரும் நாள் காலைவரை அவளுடைய இடத்தை வைத்திருப்பேன்.

கலந்தர்


மருதமுனை
9.1.1957

ஜனாப் கலந்தர் அவர்களுக்கு,

என்னை நாய் என்று எழுதிய கடிதம் கிடைத்தது. நீர் நேராக எழுதினீர், நானும் நேராகவே எழுதுகிறேன்.

உம்முடைய மண்டபத்தில் ஒரு பலகை தொங்குகிறது. சோதனையில் திறமையாகச் சித்தியடைந்தவர்களின் பெயரைப் பொன் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறீர். நஸீறா உம்மிடம் படித்தால் அவளுடைய பெயர் அங்கேதான் ஏறும். அலிஃபும் அகரமும் சொல்லிக்கொடுத்து, வாய்பாடு சொல்லிக்கொடுத்து, இந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான். நாற்று என்னுடையது, கதிர் உம்முடையதா? என் சொந்த மகளின் பெயரை உம்முடைய சுவரில் அண்ணாந்து பார்க்க என்னால் முடியாது.

இன்னொன்றும் கேளும். ஒரு பிள்ளை குறைந்து உம்முடைய வகுப்பு நின்றால் அது அடுத்த பள்ளிக்கூடத்துக்கு வந்தே தீரும். விண்ணப்பம் எழுதி அனுப்பிவிட்டேன். என் மகள் என் பள்ளிக்கூடத்திலேயே விஞ்ஞானம் படிப்பாள். அதுவரை காத்திருப்பாள்.

ம. பதியுதீன்


சாய்ந்தமருது
16.1.1957

அன்பின் பதியுதீன்,

நாய் என்று எழுதியது பிழை, பொறுத்துக்கொள்ளும்.

நேற்று வகுப்புத் தொடங்கிவிட்டது. பஸ் வருகிற ஒவ்வொரு முறையும் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வித்தியாதரிசியின் கார் வந்த பிறகு வேறு வழியில்லாமல் றம்ஸியாவின் பெயரை எழுதினேன். அவள் தையல் வகுப்புக்குப் போக ஆசைப்பட்டவள், மேசையில் தலையை வைத்து அழுதாள். யாருடைய இடத்தில் இருக்கிறாள் என்று அவளுக்கும் தெரியும்.

கலந்தர்


மருதமுனை
4.5.1958

அன்புள்ள கலந்தருக்கு,

சலாம். கடிதம் போட்டு வெகு நாளாயிற்று. வெள்ளம் வந்து எங்கள் தோட்டத்தை அள்ளிக்கொண்டு போனதும் நீர் ஓடிவந்து பார்த்தீர். அதற்குப் பிறகும் கோபத்தை வைத்திருந்தால் நான் மனிதன் இல்லை.

நஸீறாவுக்குக் கலியாணம் பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை காலிதீன், தறிக்காரக் குடும்பம், நல்ல பிள்ளை. நம் வழக்கப்படி இந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டேன். மாப்பிள்ளை இங்கே வந்ததும் நானும் லைலாவும் குசினிப் பக்கத்து அறைக்கு ஒதுங்கிக்கொள்வோம். விஞ்ஞான வகுப்பு வரும்வரை பொறுக்கலாம் என்றுதான் பார்த்தேன். வித்தியா பகுதி ஒவ்வொரு முறையும் அடுத்த வருஷம் என்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அப்படிக் காத்திருப்பார்களா? நஸீறாவிடம் சொன்னதும் பெட்டியைத் திறந்து அந்த இரண்டு வெள்ளைச் சட்டையையும் லைலாவிடம் கொடுத்துவிட்டாள்.

குடும்பத்தோடு வந்து துஆச் செய்யும்.

ம. பதியுதீன்


சாய்ந்தமருது
11.5.1958

அன்பின் பதியுதீன்,

மாஷா அல்லாஹ். எல்லோரும் வருகிறோம்.

றம்ஸியா இனி லீவுக்கெல்லாம் நஸீறாவிடம் வந்து நிற்கப்போகிறாளாம். படித்ததைத் தோழிக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பெருமை. உண்மை வேறு. போன பள்ளித் தவணையில் அவளுக்கு விளங்காத கணக்கையெல்லாம் நஸீறாதான் செய்துகொடுத்து அனுப்பினாள். எழுத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்துவிட்டேன். திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

கலந்தர்


மருதமுனை
22.2.1959

அன்புள்ள கலந்தருக்கு,

சலாம். உமக்குக் காய்ச்சல் மாறிவிட்டதா? நேற்றுத் திறப்பு விழாவுக்கு நீர் வராதது நல்லதாகப் போயிற்று.

விஞ்ஞான வகுப்பு எங்களுக்கும் வந்துவிட்டது. வித்தியாதரிசி பூட்டைத் திறந்து, விளக்கைக் கொளுத்தி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரம் நீர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். வகுப்பில் எல்லாம் ஆண்பிள்ளைகள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர்ப் பெண்கள் வந்து பார்த்தார்கள். நஸீறாவும் வந்தாள். அவளுக்கு இது நிறைமாதம். புதிய மாஸ்டர் சின்னதைப் பெரிதாக்கும் நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோலை வைத்துக் காட்டினார். அவளால் குனிய முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கண்ணை வைத்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும்வரை எடுக்கவில்லை.

ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்து, எப்படி மகள் என்று கேட்டேன்.

"றம்ஸியாட பள்ளிக்கூடத்தில இதவிடப் பெரிசு இரிக்காம், வாப்பா. அவள் நினைச்ச நேரமெல்லாம் பாக்கிறவளாம்" என்றாள்.

முகத்தைப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த முகம், உம்முடைய பெயரைக் கேட்கும்போதெல்லாம் நான் வைத்திருந்த முகம். எனக்காவது பொறாமைப்பட ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, சண்டை பிடிக்க நீர் இருந்தீர். உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு ஒரு ருசியும் இருந்தது. அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இவ்வளவு நாளும் றம்ஸியாவின் கணக்கைச் செய்துகொடுக்கும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்ததை நான் நம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் நஸீறா, றம்ஸியா விட்டுப்போன புத்தகங்களைக் கட்டி என் கையில் தந்து, அனுப்பிவிடுங்கள் என்றாள். இத்தோடு வருகின்றன.

றம்ஸியாவின் சோதனை முடிவு அடுத்த மாதம் வரும் என்றீர். சித்தியடையட்டும், உண்மையாகவே துஆச் செய்கிறேன். அந்தச் செய்தியை எனக்கு எழுதவேண்டாம். லீவுக்கு அவளை இங்கே அனுப்பவும் வேண்டாம், பிள்ளை பிறந்தாலும் வேண்டாம். நீரும் எழுதாமல் இரும். உம்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை.

தபால்காரன் வந்தால் வாசலுக்குப் போய் வாங்குகிறவள் நஸீறாதான், உம்முடைய எழுத்தைக் கண்டால் றம்ஸியாவைத்தான் நினைப்பாள். வீடு அவளுடையது.

ம. பதியுதீன்