வரைபடத்தில் இல்லாத வீடுகள்

ஈட்டிப்பாறை, ஆனைமலை
4.7.1988

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையில் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன கடிதத்துக்கு ஏன் பதிலே இல்லை?

இங்கே பத்து நாளாக விடாத மழை. அந்த மழையிலும் புது அணை கட்டப்போகிறவர்கள் வந்து, வெட்டவேண்டிய மரங்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். நான் மருந்து கொடுக்கிற காடர் பழங்குடிக் குடியிருப்பும் அந்த எல்லைக்குள் வருகிறது. முப்பத்திரண்டு வீடு இருக்கிறதே என்று கேட்டேன். "மேப்புல ஒரு வீடும் இல்லையேம்மா" என்றார் ஓவர்சீயர்.

அந்த மேப் உங்கள் ஆபீசில் போட்டதுதானே? யார் வரைந்தது என்று விசாரியுங்கள். கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

அன்புடன்,
தபீதாள்

இரும்புலியூர், தாம்பரம்
13.7.1988

பிரியமுள்ள தபீதா,

விசாரிக்க வேண்டியதில்லை. வரைந்தவன் நான்தான்.

வீடுகளைப் பென்சிலில் குறித்துத்தான் மேலே அனுப்பினேன். "ஆளில்லாத காடுன்னாதான் சாங்ஷன் ஆகும், அழிச்சிடுங்க" என்றார் இன்ஜினியர். அழித்துவிட்டேன். உனக்கு எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் பேசாமல் இருந்தேன். நாற்பத்தாறு வயதில் இந்த வேலை போனால் என்னை யார் எடுப்பார்கள்? நீ புறப்பட்டு வந்துவிடு. தாம்பரத்திலும் நர்ஸ் வேலை கிடைக்கும்.

உன்
தேவானந்தம்

ஈட்டிப்பாறை
19.7.1988

அத்தான்,

நேற்று வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு மரமும் விழும்போது குடிசைத் தரை அதிர்கிறது. பெண்கள் மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். வெட்ட வந்த ஆட்கள் அவர்களை இழுத்துப் போட்டார்கள். அதில் வெள்ளச்சி எட்டு மாதக் கர்ப்பிணி.

மூன்று ஆபீசுக்கு மனு கொடுத்தேன். எல்லாரும் அந்த மேப்பையே நீட்டுகிறார்கள். ஹைகோர்ட்டில் வழக்குப் போட ஒரு வக்கீல் முன்வந்திருக்கிறார். வரைந்தவரே எழுதிக்கொடுத்தால் தடை வாங்கலாம் என்கிறார். விலாசம் பின்பக்கத்தில். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இந்த வாரமே போங்கள்.

தபீதாள்

இரும்புலியூர்
11.8.1988

தபீதா,

நேற்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். வீடுகள் குறித்த பழைய நகலும் என்னிடம் இருந்தது, கொடுத்துவிட்டேன். இன்று தடை கிடைத்தது. சாயங்காலமே என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

உன்னிடம் மறைக்கக்கூடாது. இதற்கு முன் மூன்று தடவை வக்கீலைப் பார்க்கப் புறப்பட்டுக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, அடுத்த ரயிலிலேயே தாம்பரம் திரும்பிவிட்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை. இப்போது பயமில்லை. நான் அங்கே வந்துவிடட்டுமா?

உன்
தேவானந்தம்

ஈட்டிப்பாறை
20.8.1988

அன்புள்ள அத்தானுக்கு,

தடை உத்தரவு வந்து சேர்ந்தது. ரம்பச் சத்தம் நின்றுவிட்டது. நீங்கள் செய்தது சின்னக் காரியமில்லை.

ஆனால் ஐந்தாம் தேதியே பதினொரு வீட்டுக்காரர்களை லாரியில் ஏற்றி, கீழே ஒரு தகரக் கொட்டகையில் இறக்கிவிட்டார்கள். என்னை ஏறவிடவில்லை. வெள்ளச்சிக்கு வழியிலேயே வலி கண்டுவிட்டது. நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை தங்கவில்லை. பால் கட்டிக்கொண்டு அவள் காய்ச்சலில் கிடக்கிறாள்.

அந்த மூன்று தடவை எந்தெந்தத் தேதி என்று நான் கேட்கமாட்டேன். நீங்களும் எழுதவேண்டாம்.

இங்கே வரவும் வேண்டாம். வீடுகளை அழித்தது யார் என்று இவர்களிடம் நான் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் உங்களோடு இந்த ஜனங்கள் நடுவில் எப்படி இருப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தபீதாள்