தியேட்டர் பிரிண்ட்

ஜூலை 4, வெள்ளி
நான் சொல்லச் சொல்ல மகள் பேச்சி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் சொன்னது மறக்காது. ஒரு சொல்லைக் கூட்டினாலும் பிடித்துவிடுவேன்.

மகன் இசக்கிதுரை வசனம் எழுதிய முதல் படம் இன்று வெளியானது. எங்கள் ஊர் புளியங்குடியில் போடவில்லை. திருநெல்வேலிக்குப் போகலாமென்றால், குடலிறக்க ஆபரேஷன் தையல் பிரிக்கும்வரை பஸ் ஏறக்கூடாதாம். சென்னையிலிருந்து மகன் பேசினான்: "எப்பா, செல்போன்ல மட்டும் பாத்துராதிய. என் மேல ஆணை." சரியென்றேன்.

ஜூலை 5
விடிந்ததும் தெருவுக்கே படம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கோமதிநாயகம் போனோடு வந்து நின்றார். "அண்ணாச்சி, தியேட்டர் பிரிண்ட். படம் ஓடும்போதே எவனோ திருட்டுத்தனமா எடுத்தது. தலை மறைக்கு, ஆனா சத்தம் தெளிவு. மவன் படத்தை நீரே பாக்காட்டி எப்படிவே?"

முன்பு வாடகை வீடியோ டெக், பிறகு திருட்டு சிடி, இப்போது இது. டெக் முன்னால் பாய் விரித்தவன்தான் நானும். ஆனால் இது மகன் படம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூலை 8
கூட்டமில்லையென்று படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்களாம். மகன் குரலே சரியில்லை. "நான் பாத்த ஷோவுல நாலஞ்சு பேருதான். பொண்ணு பாக்குற சீனுக்கு ஒருத்தன்கூடச் சிரிக்கலப்பா. எனக்கு எழுத வரல. ஊருக்கே வந்துருதேன்."

வந்தால் எனக்கு நல்லதுதான். ஆனால் — எழுத்தை விட்டால் அவன் வேறு எதற்காவது ஆசைப்பட்டிருக்கிறானா?

ஜூலை 9
கோமதிநாயகத்தின் போனை வாங்கிப் பார்த்துவிட்டேன். ஆணையாவது ஒண்ணாவது.

படம் கோணல். குறுக்கே எவனோ பாப்கார்னோடு போகிறான். பெண் பார்க்க வந்தவன் மூன்றாவது தட்டு கேசரிக்குக் கை நீட்ட, பெண்ணின் அப்பன் சொல்கிறான்: "மாப்ள, பொண்ணையும் கொஞ்சம் பாருங்க."

முதல் நாள் கூட்டம் போலிருக்கிறது. தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு! "ஐயோ, வயிறு வலிக்கே" என்று ஒரு பொம்பளைக் குரல். எனக்கும் தையல் இழுத்தது.

ஜூலை 10
மகனிடம் சொன்னேன். "நீங்களே திருட்டுப் படம் பாத்தா, வேற யார்ட்டப் போயிச் சொல்ல?" என்று கத்தினான்.

"ஏசுனது போதும்லே. சிரிப்புல அடுத்த வசனமே கேக்கல."

"...கேக்கவே இல்லியா?"

"இல்லலே."

பிறகு மெதுவாக: "எப்பா, அந்த இடத்தை மட்டும் போன் பக்கத்துல வச்சுப் போடுங்க."

போட்டோம். மறுபடி போடச் சொன்னான். மறுபடியும்.

ஜூலை 19
தையல் பிரித்தாயிற்று. மகன் ஊருக்கு வரவில்லை. அடுத்த படத்துக்கு எழுதுகிறானாம். சிரிக்கிற இடம் வந்தால், அடுத்த வசனம் பேசும் ஆளைக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்க வைக்கிறானாம்.