தூங்குமூஞ்சி மரத்தின் பிறப்பிடம்

வைகாசி, செவ்வாய் இரவு

தோழர்களே, கேட்க எவருமில்லாத இந்த அறையிலும் உங்களை விளித்தால்தான் எனக்கு எழுத வருகிறது. தேர்வாய் கண்டிகையில் தொழிற்சாலை வாயிலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை நாளைக் காலை வெட்டப் போகிறார்கள். சரக்குந்து திரும்ப இடம் வேண்டுமாம். ஒப்பந்தத் தொழிலாளர் அமர்ந்து உண்ண அங்கே வேறு நிழல் இல்லை.

இன்று நண்பகல் அதனடியில் நின்று, இது தமிழ் மண் ஈன்ற மரம் என்று முழங்கினேன். கைதட்டல் ஓயுமுன் மேலாளர் உலக மரங்களின் படக்கையேடு ஒன்றை விரித்தபடி வந்தார். பக்கம் முழுதும் இதே குடை, இதே இளஞ்சிவப்புப் பூ.

"தலைவரே, நல்லா பாருங்க. இது அமெரிக்கா பக்கத்து மரம். வெளியூரு மரத்துக்கா இவ்ளோ சத்தம்?"

கூட்டம் சிரித்தது. நூல் பொய் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் மேடையேறிய நான் படத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

சத்தியவேட்டிலிருந்து வேலைக்கு வரும் ரமணம்மா, சோற்றில் வைத்த கையை எடுக்காமலே மேலாளரைக் கேட்டாள்: "நானும் ஆந்திராக்காரிதான் நைனா. என்னியும் வெட்டுவியா? எந்த ஊரு மரமா இருந்தா இன்னா, நெழலு இங்கதான வுழுது?"

சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அவள் சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும். மரத்துக்குப் பிறப்பிடம் பார்த்தது என் பிழை. அதை எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்வேன். மரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆறு மணிக்கு அறுப்பவர்கள் வருகிறார்கள். ஐந்து மணிக்கே வாருங்கள். மரத்தைச் சுற்றி அமருங்கள். எவர் சொன்னாலும் எழாதீர்கள்.