நேர்முகத் தேர்வில் உங்களைப் பற்றிச் சொன்னேன்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு கடையைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். பிசானப் பருவ நெல் நடவு முடிந்துவிட்டதால் அம்பாசமுத்திரத்து வயல்காரச் சம்சாரிகள் எல்லாரும் யூரியாவுக்கு வந்து நிற்கிறார்கள். உங்கள் நாற்காலியில் அவர் உட்காருவதில்லை, ஸ்டூல்தான். அம்மா பரவாயில்லை. குழம்புக்கு உப்பு மட்டும் இன்னும் உங்கள் பிரஷருக்கு ஏற்றபடிதான் போடுகிறாள். சித்தப்பாவும் அதையே சாப்பிடுகிறார்.

எனக்கு அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் இன்னொரு நேர்முகத் தேர்வு. எம்.பி.ஏ. முடிவதற்குள் ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். அதை யாரிடம் சொல்லிப் புலம்ப? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தேர்வில் நடந்த கூத்தை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷ் பதில் பாதியிலேயே மறந்துபோனது. நம் ஊரில் நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வோம்? இன்னார் மகள், இன்ன தெரு. எனக்கும் அதுதான் வாயில் வந்தது. என் அப்பா உரக்கடை வைத்திருக்கிறார், பயிரைப் பார்க்காமல் மருந்து கொடுக்க மாட்டார், சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்கே போய்விடுவார் என்று தடையில்லாமல் பேசினேன். சொந்த நிலமெல்லாம் தாத்தா காலத்திலேயே போய்விட்டது, அடுத்தவர் வயலைத்தான் சொந்த வயல் போலப் பார்க்கிறார் என்றுகூடச் சொன்னேன்.

அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "வேலையை உங்க அப்பாவுக்கே கொடுத்துடலாம் போலிருக்கே. இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றார். ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன். வேலை வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சொன்னபோது நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். தன்னைத் தெரிந்துகொள்ள வாத்தியார் வகுப்பில் நாலு கட்டம் போட்டார், நமக்குத் தெரிந்தது ஒரு கட்டம், நம்மைப் பற்றிப் பிறருக்கு மட்டும் தெரிந்தது ஒரு கட்டம் என்று விளக்கினேன். லக்னம் எந்தக் கட்டத்தில் என்று கேலி வேறு. பிறகுதான் சிரிப்பை நிறுத்தினீர்கள்.

"ஏட்டி, அப்போ நீ என்னதான் ஆவணும்னு நெனைக்க? சொல்லு, கேக்கேன்."

"தெரியலப்பா. எல்லாரும் மார்க்கெட்டிங்னு சொல்லுதாவ."

"நீயா விக்கப் போற? போன லீவுல கடைக்கு வந்த ஆளையெல்லாம் கேள்வி கேட்டே திருப்பி அனுப்பிட்ட. பைய யோசி. அடுத்த தடவ வரும்போது சொல்லு."

அடுத்த தடவை நான் வந்தது உங்கள் துஷ்டிக்கு. கடையில் உட்கார்ந்தபடியே மார்வலி வந்து போய்விட்டீர்கள் என்றார்கள்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் அப்போதும் பதில் இல்லை. அதே கேள்வியை உங்களிடம் திருப்பிக் கேட்காமல் போனேனே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. நீங்கள் என்ன ஆக வேண்டும் என்று நினைத்தீர்கள், அப்பா? உரக்கடைதானா? ஊரார் வயலைச் சுற்றி வந்தது வியாபாரத்துக்கா, கைவிட்டுப் போன நிலத்தின் மேலுள்ள ஆசையிலா? அம்மாவுக்குத் தெரியவில்லை. சித்தப்பாவும் யோசித்துப் பார்த்துவிட்டுத் தெரியாது என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சேரன்மகாதேவி உரக்கடைக்காரர் வந்திருந்தார். திருநெல்வேலி ஜங்ஷனில் உரக் கம்பெனி நடத்திய கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவராம். எல்லாரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்களாம். ஆளாளுக்குக் கடைப் பெயர், அனுபவம், விற்பனை என்று அளந்திருக்கிறார்கள்.

"ஒங்க அப்பா எந்திரிச்சு, 'எம் மவ கோமதி எம்.பி.ஏ. படிக்கா'ன்னாவ. அம்புட்டுதான், உக்காந்துட்டாவ. கட பேரக்கூடச் சொல்லலம்மா."

அத்தனை பேர் நடுவில் நான் உடைந்து அழுதது அப்போதுதான். நாம் இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறோம். நான் உங்களைச் சொன்னேன், நீங்கள் என்னைச் சொன்னீர்கள். அவரவரைப் பற்றிப் பேசிக்கொள்ள இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருந்தால் எனக்குப் போதும்.

காரியம் முடிந்து சில நாள் கடையில் உட்கார்ந்தேன். வந்தவர்களிடம் என்ன பயிர், யார் சொல்லி இந்த மருந்து, போன தடவை அடித்தது பலன் தந்ததா என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். வியாபாரம் ஒன்றும் நடக்கவில்லை. சித்தப்பா தலையைச் சொறிந்தார். எனக்கோ பொழுது போனதே தெரியவில்லை. நீங்கள் கேலி செய்தது இதைத்தானே? பிறருக்கு மட்டும் தெரிந்த அந்தக் கட்டம் உங்களிடம் இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

ஜனங்கள் எதை வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்பதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது, அப்பா. சந்தை ஆய்வு என்கிறார்கள். சம்பளம் குறைவு என்று கூடப் படிப்பவர்கள் யாரும் சீந்துவதில்லை. அடுத்த வாரம் நான் போவது அதற்குத்தான்.

இந்தத் தடவை என் பெயரில் தொடங்குவேன். எனக்கு விற்க வராது, விசாரிக்க வரும் என்று சொல்வேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், சத்தியம். வேலை கிடைத்தால், போகிற இடமெல்லாம் கம்பெனிக் கேள்விகள் முடிந்ததும் உங்கள் வயதுக்காரர்களிடம் ஒன்று தனியாகக் கேட்பேன்: நீங்கள் என்ன ஆக நினைத்தீர்கள்?

அங்கே சொல்லாமல் விடப்போவதை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் உரக்கடை அண்ணாச்சி மகள்
கோமதி